சந்துருவுக்கு, மலைக்குப் போகும் முன்

மயூர் விஹார், டெல்லி
டிசம்பர் 14

அன்புள்ள சந்துருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வித்யாவுக்கு 25ஆம் தேதி முதல் ஜனவரி 1 வரை விடுப்பு கிடைத்துவிட்டது என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வருடம் தீபாவளியன்று கூட மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் பட்சணம் சாப்பிட்டாள். நல்ல விடுதியாகப் பார்த்துத் தங்கப் போகிறோம், செலவைப் பற்றி யோசிக்கவில்லை என்று நீ சொன்னதிலும் எனக்கு மறுப்பு இல்லை. அப்பா கொஞ்சம் முணுமுணுத்தார். பிள்ளை சம்பாதிக்கிறான், பெண்டாட்டி குழந்தையோடு நான்கு நாள் சுகமாக இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்திவிட்டேன்.

ஆனால் நீ அனுப்பிய திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. சிம்லாவில் இரண்டு இரவு, மணாலியில் இரண்டு இரவு. சிம்லாவிலிருந்து மணாலிக்கு 250 கிலோமீட்டர். மலைப்பாதையில் அது ஒரு முழுப் பகல். ஏற்காடு வளைவுகளிலேயே நிலா எத்தனை முறை வாந்தி எடுத்தாள் என்று உனக்கு நினைவிருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கார் ஏற்பாடு செய்தாலும் வளைவுகள் குறையப் போவதில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் டெல்லி, சண்டிகர் வண்டிகள் எல்லாம் அந்தச் சாலையில்தான் நிற்கும்.

நிலாவுக்குப் பனி காட்ட வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் புரிகிறது. நீ சென்னையில் இருப்பதால் டிசம்பர் என்றாலே இமயமலை முழுவதும் வெள்ளையாக இருக்கும் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் இங்கே பனியைக் கொண்டுவருகின்றன. அவை எந்த வாரம் வரும் என்று பத்து நாட்களுக்கு முன்பே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் வாய்ப்பு அதிகம். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மர்க்கே பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதே வருடம் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மணாலி பக்கம் திடீரென்று பனி கொட்டியது. சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டு, போலீஸார் வந்து மக்களை மீட்டார்கள். பனி இல்லாவிட்டால் குழந்தைக்கு ஏமாற்றம். அதிகமாகப் பெய்தால் ஐந்து வயதுக் குழந்தையோடு நடுராத்திரியில் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பனிதான் முக்கியம் என்றால் பிப்ரவரியில் வாருங்கள், குல்மர்க் போகலாம். இப்போது அதைத் துரத்தாதே.

இந்த முறைக்கு நான் சொல்வது உத்தராகண்டில் குமாவுன் மலைப் பக்கம் இருக்கும் முக்தேஷ்வர். உயரம் ஏறக்குறைய 2,280 மீட்டர்தான். லடாக்கின் லே மாதிரி 3,500 மீட்டருக்குப் போய் இரண்டு நாள் தலைவலியோடு படுக்க வேண்டியதில்லை. டிசம்பரில் அங்கே பெரும்பாலும் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்றால் எதிரே திரிசூல், நந்தா தேவி, பஞ்சசூலி என்று சிகரங்கள் வரிசையாகத் தெரியும். நந்தா தேவி 7,816 மீட்டர். சூரியன் எழும்போது உச்சி முதலில் சிவந்து, பிறகு நிறம் மெல்லக் கீழே இறங்கும். நிலா பனியைக் கையால் தொடாவிட்டாலும், பனியால் ஆன மலைகளைக் கண்ணாரப் பார்ப்பாள். மலை உச்சியில் சிவன் கோயில் இருக்கிறது. 1893இல் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து வைத்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேவதாரு மரங்களுக்கு நடுவே நடக்கலாம். வேறு ஒன்றும் இல்லை. வித்யாவுக்கு இப்போது அந்த ஒன்றுமில்லாத இடம்தான் வேண்டும்.

நான்கு இரவும் ஒரே விடுதியில் இருங்கள். 26ஆம் தேதி ஏறி 30ஆம் தேதி இறங்கிவிடுங்கள். 31ஆம் தேதி இரவு தங்கினால் வாடகை பல மடங்கு ஏறும், விருந்து என்று ஒரு தனிக் கட்டணத்தையும் பல விடுதிகள் கட்டாயமாக்கிவிடும். குழந்தை எட்டரை மணிக்குத் தூங்கிவிடுவாள், அந்த விருந்து யாருக்கு?

பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு நீயே தொலைபேசியில் பேசு. தள்ளுபடி என்று வரும் இணைப்புகளை நம்பி யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பாதே. படுக்கையறை சூடு எப்படி வருகிறது என்பதைத்தான் முதலில் கேள். கட்டிடம் முழுவதற்கும் வெப்ப வசதி இருக்கிறதா, அறைக்கு ஒரு எண்ணெய் ஹீட்டர் மட்டும் கொடுப்பார்களா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் அது ஓடுமா, குளியலறைக்கும் சூடு உண்டா? படங்களில் கண்ணாடிச் சுவரும் மரத்தரையும் அழகாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கண்ணாடியிலிருந்துதான் குளிர் இறங்கும். நீ கொடுக்கும் பணம் முதலில் கதகதப்புக்கு, பிறகுதான் மற்றதெல்லாம். சிகரம் தெரியும் அறையா என்று அடுத்ததாகக் கேள். ஒரு இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம். சொல்லும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா, பாதை அடைபட்டு வர முடியாவிட்டால் பணம் திரும்புமா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிர் தாங்கவில்லை என்று யாராவது கரி அடுப்பைக் கொண்டுவந்து வைத்தால் அறைக்குள் விடாதே. இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் அங்கீட்டி என்கிற அந்தக் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இனி பயணம். மார்கழி மூடுபனியில் டெல்லி விமான நிலையம் படும் பாடு உனக்குத் தெரியாததல்ல. 25ஆம் தேதி காலை விமானம் வேண்டாம். மதியத்துக்கு மேல் இங்கே இறங்குகிற மாதிரி பதிவு செய். அன்று இரவு நம் வீட்டில் தங்கி, மறுநாள் விடியலில் புது டெல்லியிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் காத்கோதாமுக்குச் சதாப்தி ரயில். 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிட்டதால் பெரும்பாலும் நிரம்பியிருக்கும், இருக்கை ஏதாவது மீதி இருக்கிறதா என்று அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் அதற்கு முந்தைய இரவு ரயிலுக்குத் தத்கால் முயலலாம். ஏசி வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குத் திறக்கும். அப்படியானால், விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிடாமல் இருக்க, நீங்கள் 24ஆம் தேதியே கிளம்ப முடியுமா என்று வித்யாவிடம் கேட்டுச் சொல். காத்கோதாமிலிருந்து மேலே இரண்டரை, மூன்று மணி நேரம். உள்ளூர் ஓட்டுநராக இருக்கட்டும். வெயில் படாத வளைவுகளில் தரை உறைந்து வழுக்கும், அது எங்கே எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ரயில் தாமதமானால் காத்கோதாம் பக்கமே தங்கிவிடுங்கள். 30ஆம் தேதி இறங்கினால் திரும்பும் வழியில் மூடுபனிக்கென்று இரண்டு நாள் கையில் இருக்கும். 2ஆம் தேதி அலுவலகத்துக்கு நீ பதைபதைத்து ஓட வேண்டாம்.

சென்னையில் குளிர் உடை வாங்கிப் பணத்தை வீணாக்காதே. நிலாவுக்கு உள்ளே போடும் தெர்மல், கம்பளிக் காலுறை, காது மூடும் தொப்பி எல்லாம் நான் லாஜ்பத் நகரில் வாங்கி வைக்கிறேன். கையுறை இரண்டு ஜோடி, ஒன்றை நிச்சயம் நனைப்பாள். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துவிடும், முகத்துக்கு வேறு க்ரீம் கொண்டுவா. புளிக்காய்ச்சலும் மிளகாய்ப்பொடியும் தருகிறேன். குழந்தைக்குக் குழைய வடித்த சாதமும் தயிரும் வேண்டும் என்று விடுதிச் சமையலறையில் முன்பே சொல்லிவை.

எங்களையும் வரச் சொன்னாய். அப்பாவின் முழங்கால் இரண்டு ஊர் அலைச்சலைத் தாங்காது. ஆனால் ஒரே இடம், தரைத்தளத்தில் அறை என்றால் நாங்கள் வருகிறோம். அவருடைய இரத்த அழுத்தத்துக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், போகலாம் என்றார். மார்கழியில் மலை மந்திர் போவதை நான்கு நாள் விட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். நிலாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீயும் வித்யாவும் காலையில் நேரம் கழித்து எழுந்திருங்கள், இரண்டு பேர் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். எங்கள் அறை வாடகையை அப்பா தன் ஓய்வூதியத்திலிருந்து தருவார். வேண்டாம் என்று சொல்லி அவர் மனதை நோகடிக்காதே.

வித்யாவோடு பேசி இன்று இரவே முடிவு சொல். நல்ல அறைகள் முதலில் போய்விடும். நிலாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அளவு குறித்துப் படம் அனுப்பு. செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகிறேன்.

ஆசிகளுடன்,
அம்மா