வைரத்துக்கு நாலு பக்கம், மாமியாருக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டிஷ் அரச குடும்பத்து நகைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எலிசபெத் அரசியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பதித்த வைரங்கள், மாப்பிள்ளை பிலிப்பின் தாயாருடைய கிரீடத்திலிருந்து எடுத்தவை என்று சரியாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்தத் தாயாரைத்தான் 'காது கேளாத, மனநிலை பாதித்த இளவரசி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அதில் பொய்யில்லை. ஆனாலும், காது கேளாத பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒரு வரியைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

அவர் பெயர் ஆலிஸ். நமக்குத் தெரிந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் அக்கா. 1885-இல் விண்ட்சர் கோட்டையில் பிறந்தபோது, கொள்ளுப்பாட்டி விக்டோரியா மகாராணியே பிரசவ அறையில் கூட இருந்தாராம். பேச்சு வரத் தாமதமானபோதுதான் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்பது தெரிந்தது. தாயார் ஊக்கம் கொடுக்க, பிறர் உதட்டசைவைப் பார்த்தே ஆங்கிலமும் ஜெர்மனும் கற்றார். 1903-இல் கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூவை மணந்ததையொட்டிக் கிரேக்கமும் சேர்ந்துகொண்டது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். கண்ணாடி முன் நின்று 'மாடு', 'பாடு' இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் பாடம் அங்கேயே அறுந்துவிடும். எதிரே பேசுகிறவர் அடர்த்தியாக மீசை வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ் ஒன்றுக்கே என் பிள்ளைகள் அவ்வளவு பாடுபடுவார்கள்.

நோய் வந்ததும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. 1930-இல் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். அவர் சம்மதமில்லாமலே சுவிட்சர்லாந்தின் கிரூஸ்லிங்கனில் இருந்த மனநல விடுதிக்குக் கொண்டுபோனார்கள். பெயர்பெற்ற உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் பிராய்டிடம் யோசனை கேட்டதற்கு, சினைப்பைகளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சச் சொன்னார். (இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.) பிலிப்புக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. 1932-இல் வெளியே வந்தார். 1937-இல் மகள் செசிலி, கணவரோடும் இரண்டு ஆண் பிள்ளைகளோடும் விமான விபத்தில் இறந்த துக்கத்தில்தான், பிரிந்திருந்த கணவரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தார்.

விடுதியில் கழிந்தது சுமார் இரண்டரை வருஷம். அவர் வாழ்ந்தது 84 வருஷம். மிச்சத்தையும் சொல்ல வேண்டாமா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை ஏதென்ஸைப் பிடித்தபோது ஆலிஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. மருமகன்கள் ஜெர்மனியின் பக்கம், மகன் பிரிட்டிஷ் கடற்படையில். இவர் பசித்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி நடத்திக்கொண்டிருந்தார். யூதர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ராஷேல் கோஹன் என்ற யூத விதவையையும் அவர் பிள்ளைகளில் இருவரையும் தான் இருந்த வீட்டிலேயே ஒளித்து வைத்தார். ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டபோவுக்குச் சந்தேகம் வந்து விசாரித்தபோது, காது கேட்கவில்லை, நீங்கள் சொல்வது புரியவில்லை என்று நடித்தே அனுப்பிவிட்டார். இத்தனை மொழி உதடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கா புரியாது! என் பழைய மாணவிகளிடம் இதைச் சொன்னபோது கைதட்டி ரசித்தார்கள். வேண்டாத கேள்வி வந்தால் அவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்.

அந்தக் குடும்பம் தப்பியது. இதற்காக 1993-இல் இஸ்ரேலில் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரை 'உலக நாடுகளின் நேர்மையாளர்' வரிசையில் சேர்த்தது. மறு வருஷம் பிலிப்பே ஜெருசலேம் போய் அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டார்.

1949-இல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். சிகரெட்டும் சீட்டாட்டமும் மட்டும் போகவில்லை. சீட்டாடும் கன்னியாஸ்திரீயை என்னவென்று சொல்வது என்று பெற்ற தாயே கேலி பேசினாராம். 1953-இல் மருமகளின் முடிசூட்டு விழாவில் எல்லாரும் நகையும் பட்டுமாக மின்ன, இவர் சாம்பல் நிறத் துறவு அங்கியில் வந்தார். நகைக் கட்டுரைக்கு அந்தப் படத்தைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது.

கடைசிக் காலத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையில் இருந்து, 1969 டிசம்பரில் இறந்தார். சொத்து என்று மிஞ்சியவை வீட்டில் உடுத்தும் மூன்று அங்கிகள். ஜெருசலேமில், ஒலிவ மலை மடத்தில் அடக்கமாகியிருந்த, 'எல்லா' என்று அழைக்கப்பட்ட சித்தியின் அருகே தன்னையும் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். அந்த ஆசை 1988-இல்தான் நிறைவேறியது. அவ்வளவு தூரம் வந்து எப்படி உங்களைப் பார்ப்பது என்று மகள் குறைப்பட்டபோது, அங்கே பஸ் வசதி நன்றாகத்தானே இருக்கிறது என்றாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை,
தஞ்சாவூர்