17 மணி நேரந்தான்னு சொன்னியே மாப்ள

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி, குழந்தைக எல்லாம் சொகந்தானே. இங்க மஞ்ச வெட்டி வேக வெச்சு காயப் போட்டாச்சு, வெல என்னாகும்னு பாரியூர் அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

பெங்களூர்ல ஏறுனா எங்கூரு சான் ஃபிரான்சிஸ்கோ 17 மணி நேரந்தான்டா, ரெண்டு தூக்கம் போட்டா வந்துரும்னு சொன்னியல்ல, அதான் ஒக்காந்து கணக்குப் போட்டேன். நேர் தூரம் சுமாரா 14,000 கி.மீ. பையனோட குளோப்ல தையல் நூல இழுத்துப் புடிச்சா அது ஐரோப்பாப் பக்கமே போகல, சீனா, சைபீரியான்னு வடக்க ஏறி அலாஸ்கா வழியா எறங்குது. ஆனா பிளேன் அந்த நூல் மேலயே போறதில்ல. திபெத் மேல போனா, உள்ள காத்தழுத்தம் கொறைஞ்சா மூச்சு விடறதுக்கு சட்டுனு 10,000 அடிக்கு எறங்கோணும், அங்க மலையே அதவிட ஒசரம், அப்பறம் எங்க எறங்கறது? 2021 ஜனவரில பொம்பளைப் பைலட்டுகளே உங்கூர்லருந்து பெங்களூருக்கு வடதுருவம் வழியா ஓட்டிட்டு வந்தாங்களே, அப்ப பறந்த தூரம் 16,000 கி.மீ.ன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.

இதுல காத்து வேற. மேல மேற்கருந்து கிழக்க ஒரு காத்து ஆறாட்ட ஓடுது. 900 கி.மீ. வேகத்துல போறவனுக்கு வழி பூரா 100 கி.மீ. காத்து பின்னால தள்ளுனா 14,000 கி.மீ. 14 மணி நேரம், அதே காத்து மூஞ்சில அடிச்சா பதினேழரை. நெசத்துல வழி பூரா ஒரே மாதிரி அடிக்காது, இருந்தாலும் போக ஒரு நேரம் வர ஒரு நேரம்னு டிக்கெட்ல போடறது இதுக்குத்தான்.

சரி அதெல்லாம் பைலட் பாடு. என்ர பாடு என்னன்னா கோபிலருந்து தேவனஹள்ளி, அதான் பெங்களூர் ஏர்போர்ட் இருக்கற ஊரு. திம்பம் வழியா போலாம்னா 27 கொண்டை ஊசி வளைவு, ராத்திரில வண்டி உட மாட்டாங்க, சேலம் சுத்திப் போனா தொப்பூர், ஓசூர், அப்பறம் பெங்களூர் டிராஃபிக்ல தெக்க பூந்து வடக்க வெளிய வரோணும், ஏர்போர்ட் அந்தக் கடைசில இருக்குது. பிளேன் ஏறங்காட்டியே முதுகு போயிரும்.

அதனால கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர் வழியா வரலாம்னு இருக்கறேன். சிங்கப்பூருக்கு 3,100 கி.மீ.க்கு மேல, அங்கருந்து உங்கூருக்கு 13,600, மொத்தம் தூரம் எச்சாத்தான், நேரமும் எச்சாத்தான், ஆனா அவினாசி ரோட்டுல போனா டவுனுக்குள்ள நொழையாமயே ஏர்போர்ட் வந்துருமல்ல. ஊட்டுக்காரி நடுவுல காலு நீட்டி நடக்க எடம் இருந்தாச் சரிங்கறா.

திரும்பி வர்றப்ப சனிக்கெழம ராத்திரி ஏறுனா திங்கக்கெழமதான் எறங்குவேனாம், ஞாயித்துக்கெழமைய வழியிலயே முழுங்கிருதாமா. கறி எடுக்கற நாளாப் பாத்துப் போகுது பாரு கெரகம்.

நாட்டுச்சக்கரை எத்தன கிலோ வேணும்னு தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லு. நீ ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் பண்ணு, இங்க காலைல எட்டரை, பால் ஊத்திட்டு வந்திருப்பேன்.

உன்ர மாப்ள