வாகன அறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் கோயில் வாகன அறையில் ஓதம் ஏறியதையும் கூரை ஒழுகியதையும் சரிசெய்யும் வேலை நிறைவடைந்தது. "இடித்துவிட்டு கான்கிரீட் போட்டிருக்கலாமே", "சுவரை உரித்துப் போட்டுவிட்டு ஏன் இரண்டு மாதம் சும்மா இருந்தீர்கள்", "ஒப்பந்ததாரரை ஏன் நசுக்கினீர்கள்" என்று பலரும் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறோம்.

தேக்கு உத்திரங்களை உளியால் குத்திப் பார்த்ததில் தெற்குச் சுவரில் செருகிய இரண்டு முனைகள் மட்டும் இற்றிருந்தன. அவற்றை வெட்டிப் பழந்தேக்கில் ஒட்டுப் போட்டாயிற்று. இப்படிப்பட்ட மரம் இருக்கும் கட்டடத்தை இடிக்க மனம் வராது, இடிக்கவும் கூடாது.

கோளாறு கூரையில் பாதி, தரையில் பாதி. வெளியே கான்கிரீட்டின் மேல் கான்கிரீட் போட்டுப் போட்டு, வெளித்தரை உள்தரையைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. சுவரின் அடியில் மூன்றடிக்கு சிமெண்ட் பூச்சு வேறு. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரம் ஆற வழியில்லாமல் மேலேறி, சிமெண்ட் முடியும் இடத்தில் உப்பாகப் பூத்தது. மயில் வாகனத்தின் முதுகில் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது இந்த ஈரத்தால்தான்.

சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு கான்கிரீட்டை வெட்டி எடுத்து, மண்ணை உள்தரைக்கு அரை அடி கீழே இறக்கி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, செங்கல் வாய்க்கால் கட்டிக் குளத்தில் விட்டிருக்கிறோம். உள்ளே ஐந்தடி உயரம் வரை பூச்சைக் கொத்தி, செங்கல் இடுக்குகளை ஓர் அங்குலம் சுரண்டி, உப்பைத் தண்ணீர் விடாமல் உலர்ந்தபடியே பிரஷ்ஷால் தட்டி அள்ளினோம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். அந்த இரண்டு மாதமும் சுவர் உலர்ந்த காலம். ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் உட்புறம் வியர்த்தவரை பூச்சு வேலையைத் தொடவில்லை.

ஒப்பந்ததாரர் விவகாரத்துக்கு வருவோம். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் வெல்லத் தண்ணீர், இரண்டு பூச்சு என்பது ஒப்பந்தம். வடக்குச் சுவரில் மூன்றாம் நாள் நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டிய பூச்சு கல்லாக நின்றது. கேட்டபோது, சீக்கிரம் பிடிக்க சிமெண்ட் கலந்ததாக அவரே சொன்னார். சிமெண்ட் ஈரத்தை அடைக்கும், தன் உப்பையும் சுவருக்குக் கொடுக்கும். எதை உரிக்கச் செலவழித்தோமோ அதையே திரும்பப் பூசுவதற்கு எப்படிச் சம்மதிப்போம்? கொத்தி எடுக்கச் சொன்னோம். அதற்குத் தனிக்கூலி கேட்டார், மறுத்தோம், ஆட்களை நிறுத்திக்கொண்டார். மீதியை வேறு கொத்தனார்களை நாள்கூலிக்கு வைத்து முடித்தோம். மதிப்பீட்டுக்கு மேல் போன தொகை முழுக்க இதுதான். அவரை நாங்கள் நசுக்கினோம் என்பவர்கள் அளவுப் புத்தகத்தைப் பார்க்கலாம். அவருக்குரிய கடைசித் தவணையைப் பொதுக்குழு முடிவுக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கூரையில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பை மூன்று அங்குலத்துக்கு இட்டு, கட்டை பட்ட இடம் குழியாத வரை தட்டி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) இரண்டு வரிசை, இணைப்புகள் நேருக்கு நேர் வராமல் பதித்தாயிற்று. மழைநீர் வடியும் தூம்புகள் சுவரைத் தாண்டி ஒன்றரை அடி நீள்கின்றன.

கதவு, விளக்கு, வெள்ளையடிப்பு முடிந்தன.

சுண்ணாம்பு மேலத்தெருக் கட்டளைதாரர்கள் உபயம். தட்டோடு வெளியூர் வாழ் அன்பர்கள். கடுக்காயும் வெல்லமும் மளிகை வணிகர்கள். ஒட்டுக்கான தேக்கு மரக்கடை அன்பர். ஆட்களுக்கு மதியச் சாப்பாடு மகளிர் குழு. வண்டி வாடகை வாங்காமல் மண் அள்ளியவர்கள் நம் டிராக்டர்காரர்கள். எல்லோருக்கும் குழு நன்றி சொல்கிறது.

வரவு செலவு தனித்தாளில் இணைத்துள்ளோம். வாகனங்களைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே நிறுத்த வேண்டும். இந்தச் சுவரில் யாரும் உபயமாகக்கூட எண்ணெய் பெயிண்ட் அடிக்க வேண்டாம். புரட்டாசியில் தூம்புகளைத் தூர் எடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதை வரும் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.

திருப்பணிக் குழு