அந்தக் குருவிக்குப் பெயர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த கோடை விடுமுறைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தாத்தா வீடு, கிணற்றடி, வேப்பம்பூ வாசம் என்று எல்லாம் கண்முன் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு வரியில் வந்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. சித்திரை விடியலில், மாட்டுக் கொட்டகைக் கூரைமேல், வாலைத் தூக்கிக்கொண்டு 'பெயர் தெரியாத ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி' பாடிக்கொண்டிருந்ததாம்.

அது குண்டுக்கரிச்சான். தங்களுக்குத் தெரியாததல்ல. இத்தனை அடையாளத்தையும் சரியாகச் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம். அதே கட்டுரையில் பங்கனப்பள்ளி வேறு, ருமானி வேறு என்று மாம்பழத்துக்குப் பெயர் இருக்கிறது. கொட்டகையில் நின்ற பசுவுக்கும் லட்சுமி என்று பெயர் இருக்கிறது. கூரைமேல் பாடியதற்கு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். விடியற்காலை பேசின ஆனைச்சாத்தனை ஆண்டாள் பெயர் சொல்லித்தான் பாடினாள், 'ஏதோ ஒரு பறவை' என்று விடவில்லை.

எங்கள் வீட்டுப் பின்சுவரில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிய இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று வருடமாக அங்கேதான் இந்தக் குருவி கூடு வைக்கிறது. பங்குனி பிறந்தால் ஆண் குருவி ஐந்து மணிக்கு முன்பே டிவி ஆன்டெனாவில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடாது. நடுவில் வேறு பறவைகளின் குரலையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஒருநாள் கொண்டைக்குருவி கத்துகிறது என்று நினைத்து வெளியே வந்து பார்த்தால் இதுதான். கூடு கட்டும் வேலை முக்கால்வாசி பெண்ணுடையது. காய்ந்த புல், வேர், தேங்காய் நார் என்று ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வரும். ஆண் காவலுக்கு நிற்கும். அந்த நாட்களில் வேறு ஆண் வந்தால் விடாது. என் கணவரின் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து அலகு வலிக்கக் கொத்திக்கொண்டிருந்தது. பாவமாக இருக்கவே, கண்ணாடிமேல் ஒரு பழைய துண்டைக் கட்டிவிட்டார். பங்குனியில் கட்டிய துண்டை ஆடியில்தான் அவிழ்த்தோம்.

நாலு முட்டை. வெளிர் பச்சையும் நீலமும் கலந்த நிறம், மேலே பழுப்புப் புள்ளிகள். அடைகாப்பது பெண் மட்டும்தான். பன்னிரண்டு, பதிமூன்று நாளில் குஞ்சு வந்துவிடும். அப்புறம் இரண்டும் மாறி மாறிப் புழு, வெட்டுக்கிளி, மண்புழு என்று கொண்டுவந்து ஊட்டும். ஒருமுறை ஒரு சின்னப் பல்லியையே கவ்விக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் குருவிக்கும் தங்கள் பத்திரிகையில் நியாயம் கிடைக்கவில்லை. ஆணுக்குக் கறுப்பு இருக்கும் இடத்தில் பெண்ணுக்குச் சாம்பல் நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். போன வருடம் பெண்ணின் படத்தைப் போட்டு 'அரிய வகைப் பறவை' என்று எழுதினீர்கள். அன்றே அஞ்சலட்டை போட்டேன். பதில் இல்லை. கதைகளில் பெண் குயில் உருகி உருகிக் கூவுவதாக வரும்போதெல்லாம் கூவுவது ஆண், பெண் புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில் இருக்கும் என்று இரண்டு முறை எழுதினேன். அதற்கும் இல்லை. பிறந்தநாள் பரிசுப் பக்கத்தில் கூண்டுக்குள் சில்லைக் குருவிகளைப் படம் போட்டது அதைவிட வலித்தது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

கூண்டு என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இந்தோனேசியாவில் பாட்டுப் போட்டிக்காக இதே குண்டுக்கரிச்சானைப் பிடித்துப் பிடித்து, ஜாவாவில் அது வெளியில் காண்பதே அரிதாகிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் பாடிய பறவை. 1970-களுக்குள் அருகிப் போய், பிறகு கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. பங்களாதேஷில் இதைத் தோயல் என்பார்கள். அவர்களுக்கு இது தேசியப் பறவை, பழைய இரண்டு டாக்கா நோட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். நம் சென்னைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 300 வருடத்துக்கு முன்பு புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி லண்டனுக்கு அனுப்பிய பறவை விவரங்களில் இதுவும் ஒன்று. 1713-லேயே அச்சேறிவிட்டது. சென்னையிலிருந்து போய் அச்சேறிய குருவி, தமிழ்ப் பத்திரிகையில் 'பெயர் தெரியாதது' ஆகிவிட்டதே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு கிழட்டுப் பூவரசு இருந்தது. அடிமரத்தில் இரண்டு பொந்து. ஒன்றில் குண்டுக்கரிச்சான், ஒன்றில் மைனா. சாக்கடை வேலைக்காக ஒரே மத்தியானத்தில் வெட்டிச் சாய்த்தார்கள். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் 'இடையூறாக இருந்த மரம் அகற்றம்' என்று நாலு வரி வந்தது. யாருக்கு இடையூறு என்று எழுதவில்லை. இந்தக் குருவிக்குப் பொந்து வேண்டும், இல்லையென்றால் சுவரில் ஓட்டை வேண்டும். இப்போது கட்டும் வீடுகளில் ஓட்டை ஏது?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு மூலையில் இரண்டு வரி போதும்: கட்டுரையில் வந்த பறவை குண்டுக்கரிச்சான். வெறும் கரிச்சான் என்று போட்டுவிடாதீர்கள், இரட்டைவால் குருவியைத்தான் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். இடம் இருந்தால் ஆண், பெண் இரண்டின் படமும் போடுங்கள்.

படத்துக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் எங்கள் வீட்டுக்கே அனுப்பலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், சுவர் ஓட்டைப் பக்கம் போகக் கூடாது. உள்ளே குஞ்சு இருக்கிறது, தாய் மிரண்டுவிடும். ஐந்து மணிக்கு முன்பே வந்து கிணற்றடியில் உட்கார்ந்தால் ஆண் தானாகவே ஆன்டெனாவுக்கு வரும்.

இப்படிக்கு,
தங்கள் முப்பது வருட வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்