செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வடிகால் தூர்வாரியது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது எல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது மொட்டை மாடி சோலார்தான். எனவே அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் தனி வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். இதைக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு விண்ணப்பம் போடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். நம்முடையதோ அடுக்குமாடி, மாடி எல்லோருக்கும் பொது. மேல்தளத்தில் குடியிருப்பவருக்குக்கூட அதில் தனி உரிமை இல்லை. இதைச் சொன்னதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு, அது எனக்கும் தெரியும்.

அதே திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை தருகிறார்கள். தொகை குறைவுதான். இருந்தாலும் நமக்கு லாபம் இதில்தான் என்பது என் கருத்து. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பொது இணைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மானியம் முதலிலேயே கைக்கு வராது. பேனல் மாட்டி, நாம் மின்வாரியத்திடம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பித் தருவதையும் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை நம் பணம்தான். பேனல்களும் அவற்றுக்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். மலிவு என்று வேறு பேனலைத் தள்ளிவிடப் பார்த்த ஒரு நிறுவனத்தைத் திருப்பி அனுப்பினோம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதால் எல்லா விலைப்புள்ளிகளையும் மறுபடி வாங்கினோம். முடிவைத் தள்ளிப்போட்டதில் கிடைத்த ஒரே நன்மை அது.

அப்புறம், துணிக்கொடி. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும்; கிடைப்பது நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது துணி காயும் பக்கம்தான். மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குச் சட்டகம் அடித்து அதன்மேல் பேனல் வைப்பதென்று கடைசியில் ஒப்புக்கொண்டோம். செலவு கூடும், ஆனால் சண்டை குறையும்.

வீட்டு பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் பக்கம் போதும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியில் இருக்கும் குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது. அந்த எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இதுவே நல்ல சேமிப்பு.

சோலார் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள் ஒப்புதல் கடிதத்தைக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினால் செல்லாது.

– செயலாளர்