நூறு வினாடிக்கு ஒரு ரயில்: கணக்கில் விடுபடுவது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் தாமதமாகும் நாள்களில் எல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "100 வினாடிக்கு ஒரு வண்டி விடலாம் என்று சொல்லித்தானே புதிய சமிக்ஞை முறையைப் போட்டார்கள்? பிறகு ஏன் சுரங்கத்துக்குள் நின்று நின்று போகிறது? இன்னும் நாலு வண்டியைச் சேர்த்துவிட்டால் என்ன?" நியாயமான கேள்விதான். பதிலைத் தேடத் தாளும் பென்சிலும் போதும்.

வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு ஆறு பெட்டிகள், நீளம் ஏறத்தாழ 138 மீட்டர். நடைமேடையில் நிற்கும் வண்டி தன் நீளம் முழுவதையும் இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அதன் வாலுக்குப் பின்னே 50 மீட்டர் பாதுகாப்பு இடமும் விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆக 188 மீட்டர். வினாடிக்கு வினாடி 1 மீட்டர் வேகம் கூடினால் அதைக் கடக்க 19.4 வினாடி ஆகும். பின்னால் மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அதே அளவில் பிரேக் பிடித்தால் 139 மீட்டர் ஓடி, 16.7 வினாடியில் நிற்கும். இரண்டும் சேர்ந்து 36 வினாடி. கதவு திறந்து ஆள் இறங்கி ஏறி மூட 40 வினாடி என்றால் மொத்தம் 76. 100க்கும் 76க்கும் நடுவே இருக்கும் 24 வினாடிதான் பாதையின் கைச்சேமிப்பு. எங்கோ ஒரு கதவில் பை மாட்டினாலும் சக்கர நாற்காலி ஏறச் சற்று நேரம் பிடித்தாலும் செலவாவது இந்தப் பணம்தான்.

1987ல் பெருவிரைவு ரயில் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு தொடங்கியபோது இருந்த முறையில் தண்டவாளம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு துண்டின் கடைசி மூலையில் வண்டியின் வால் நீட்டிக்கொண்டிருந்தாலும் துண்டு முழுவதும் பூட்டுத்தான், அடுத்த வண்டி அதற்குள் வர முடியாது. புதிய முறையில் வண்டி தன் இருப்பிடத்தைத் தானே வானொலி வழி சொல்லிக்கொண்டே போகிறது. பூட்டும் அதன் பின்னாலேயே நகர்கிறது. இதனால் 120 வினாடி 100 ஆகிறது. மணிக்கு 30 வண்டி என்பது 36 ஆகும். சமிக்ஞை தரக்கூடியது அவ்வளவுதான். மிச்சம் நடைமேடையில் இருக்கிறது.

கணினியில் ஒரு பாதையை ஓட்டிப் பார்ப்பவர்கள் (சிமுலேஷன் என்பார்கள்) முதலில் சறுக்குவது இங்கேதான். எல்லா நிலையத்துக்கும் 30 வினாடி என்று ஒரே எண்ணைப் போட்டுவிடுவார்கள். திரையில் வண்டிகள் முத்துமாலை மாதிரி ஓடும், பார்க்க அழகாக இருக்கும். நிஜத்தில் ஒரு வண்டிக்குப் பக்கத்துக்கு 24 கதவுகள். வண்டி 20 வினாடி பிந்துகிறது, நடைமேடைக்கு வினாடிக்கு ஐந்து பேர் வருகிறார்கள் என்றால் கூடுதலாக 100 பேர் சேர்ந்திருப்பார்கள். 24 கதவுக்கும் சமமாகப் பிரிந்தால் கதவுக்கு நாலு பேர், நாலைந்து வினாடியில் ஏறிவிடலாம். ஆனால் யார் அப்படிப் பிரிந்து நிற்கிறார்கள்? மின்படி இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே இரண்டு மூன்று கதவுகளில் பாதிப் பேர் குவிவார்கள். வண்டி எப்போது கிளம்பும் என்பதை அந்தக் கதவுதான் முடிவு செய்கிறது, சராசரிக் கதவு அல்ல. அங்கே 15 வினாடி கூடுதலாகப் போனால் அடுத்த நிலையத்துக்கு வண்டி இன்னும் பிந்திச் சேரும், அங்கே இன்னும் அதிகம் பேர் காத்திருப்பார்கள். பின்னால் வரும் வண்டிக்கோ கூட்டமே இருக்காது. அது விரைவாகக் கதவை மூடிக்கொண்டு முன்வண்டியின் பின்னால் நெருங்கி வந்து, வழிக்காகக் காத்து நிற்கும். சுரங்கத்துக்குள் நின்று நின்று போவது பெரும்பாலும் இந்தக் கதைதான். 40 வினாடி 65 ஆனால் மொத்தம் 101, சேமிப்பு காலி. அந்த நேரத்தில் இன்னும் நாலு வண்டியைச் சேர்த்தால் வரிசைதான் நீளும்.

சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் இரண்டிலும் சிக்கல் இன்னொரு படி மேலே. ஒரே நடைமேடையின் ஒரு பக்கம் வடக்கு-தெற்கு, மறுபக்கம் கிழக்கு-மேற்கு. பயணிக்குப் பத்தடி நடந்தால் வண்டி மாறலாம், நல்ல வசதி. சிமுலேஷன் செய்பவருக்கோ தலைவலி. எதிர்ப்பக்க வண்டி வந்து கதவைத் திறந்ததும் சில நூறு பேர் ஒரே மூச்சில் இந்தப் பக்கம் வருவார்கள். மூடப்போன கதவு மறுபடி திறக்கும். ஆகவே ஒரு பாதையில் ஏற்பட்ட தாமதம், தனித் தடத்தில் ஓடும் இன்னொரு பாதைக்கு மனிதக் கால்கள் வழியாகத் தாவுகிறது. இரண்டு பாதையையும் சேர்த்து ஓட்டாத கணக்கு இந்த இரு நிலையங்களைப் பொறுத்தவரை செல்லாது.

அடுத்தது கடைசி நிலையம். அதை யாரும் கவனிப்பதில்லை, திறனைத் தின்பது பல நேரம் அதுதான். இரண்டு தடமுள்ள ஒரு முனையத்தில் 100 வினாடிக்கு ஒரு வண்டி வந்தால் ஒவ்வொரு தடத்துக்கும் 200 வினாடி. தடமாற்றி நகர்ந்து பூட்டி வண்டி உள்ளே வர 45, திரும்பி வெளியேற 35 என்று வைத்தால் மிச்சம் 120. ஓட்டுநர் முன்முனை அறையைப் பூட்டிவிட்டு 138 மீட்டர் நடந்து மறுமுனைக்குப் போகவே, சாதாரண நடையில், 98 வினாடி ஆகும். அதன்பின் சாவி போட்டு, திரை உயிர்பெற்று, கதவு மூட வேண்டும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தால் அந்த 22 வினாடியும் போய்விடும். அதனால்தான் வேறொரு ஓட்டுநரை மறுமுனையில் தயாராக நிற்க வைப்பது வழக்கம். ஆளில்லா வடகிழக்குப் பாதைக்கும் வட்டப் பாதைக்கும் இந்த நடை கிடையாது. வடக்கு-தெற்குப் பாதையின் முனையமான ஜூரோங் ஈஸ்ட்டில் 2011 மே மாதம் கூடுதல் தடமும் நடைமேடையும் திறக்கப்பட்டதன் காரணமும் இந்தக் கணக்குத்தான். அதற்கு முன் உள்ளே இருக்கும் வண்டி திரும்பிப் போகும்வரை அடுத்தது வெளியே காத்துக்கிடந்தது.

பலதொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்து பார்க்க விரும்பினால் இரண்டு எச்சரிக்கை. வினாடிக்கு ஒருமுறை மட்டும் வண்டியின் இடத்தைக் கணக்கிடாதீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர், அதற்குள் ஒரு எல்லையைத் தாண்டியே போயிருக்கும். பத்தில் ஒரு வினாடியாக வையுங்கள். ஒரு தடவை ஓட்டி முடிவு சொல்லவும் வேண்டாம். நிற்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் இருநூறு தடவை ஓட்டி, அதில் மோசமான பத்து நாள்களைப் பாருங்கள். பயணி நினைவில் வைத்திருப்பது அந்தப் பத்து நாள்களைத்தான்.

கோளாறுகளைச் சிமுலேஷனில் நுழைப்பதுதான் மிகக் கடினம், யாரும் நினைத்துப் பார்க்காததுதான் நடக்கும். 2017 நவம்பர் 15 அன்று ஜூ கூன் நிலையத்தில் நின்ற வண்டியின் பின்னால் இன்னொன்று மோதி 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அப்போது துவாஸ் நீட்டிப்பில் புதிய முறை, கிழக்கு-மேற்குப் பாதையின் மற்றப் பகுதியில் பழைய முறை. வண்டிகள் இரண்டுக்கும் நடுவே மாறி ஓடிக்கொண்டிருந்தன. மற்ற வண்டிகள் நெருங்காதபடி கணினி முன்வண்டியைச் சுற்றி வைத்திருந்த பாதுகாப்பு எல்லை அழிந்துபோய், ஆறு பெட்டி வண்டி மூன்று பெட்டி வண்டியாகப் பதிவாகியிருந்தது. பின்வண்டி முதலில் ஒழுங்காகத்தான் நின்றது. முன்னால் பாதி வண்டி அளவுக்கு, அதாவது 69 மீட்டர், காலி இடம் இருப்பதாகக் கணினி நம்பியதால் மறுபடி நகர்ந்தது. பழைய முறையை ஆயிரம் தடவை ஓட்டினாலும் புதியதை ஆயிரம் தடவை ஓட்டினாலும் இது தெரிந்திருக்காது. இரண்டும் கைமாறும் அந்த எல்லைக் கோட்டை ஓட்டிப் பார்த்திருந்தால்தான் தெரியும்.

2016ல் வட்டப் பாதையில் நடந்தது இதற்கு நேர்மாறான நல்ல செய்தி. வண்டிகள் காரணமில்லாமல் சமிக்ஞையை இழந்து தாமாகவே பிரேக் பிடித்து நின்றன; எந்த நிலையம், எந்த வண்டி என்று ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. அரசாங்கத் தரவு நிபுணர்கள் சம்பவங்களை நேர-தூர வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள். புள்ளிகள் சாய்ந்த கோடுகளாக விழுந்தன. கோளாறு ஒரு வண்டியின் வேகத்தில், எதிர்த்திசையில் ஊர்ந்துகொண்டிருந்தது! பிவி46 என்ற வண்டி தன்பாட்டுக்கு ஓட, அது கடந்து செல்லும் இடங்களில் எதிரே வந்தவை நின்றிருக்கின்றன. அதன் சமிக்ஞைக் கருவியில்தான் பழுது.

அந்த வரைபடம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ரயில்காரர்களிடம் இருப்பது. இடது ஓரத்தில் நிலையப் பெயர்கள், கீழே நேரம், வண்டிக்கு ஒரு சாய்கோடு. கோடு படுத்தால் வண்டி நிற்கிறது என்று பொருள். கட்டுப்பாட்டு நிலையத்தின் பதிவுகளிலிருந்து சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். எனவே நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு இரண்டு கோரிக்கைகள். இத்தனை வினாடி இடைவெளி என்று அறிவிக்கும்போது, சிட்டி ஹாலில் வண்டி எத்தனை வினாடி நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அரை மணிக்கு மேல் சேவை தடைபட்ட ஒவ்வொரு நாளின் வரைபடத்தையும் மறுநாளே வெளியிடுங்கள். பீஷானில் காத்திருந்தவர் காலை 8.20ல் விரலை வைத்து, தன் வண்டி எந்த வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டது, அது எந்த நிலையத்தில் எத்தனை வினாடி கூடுதலாக நின்றது என்று தாமே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ரயில் சமிக்ஞைத் துறை வாசகர்கள்,
சிங்கப்பூர்