தம்பி கணக்குச் சொன்ன நாள்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகா,

ஈப்போவிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. பேத்தியின் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்படியே உன் அம்மா ஜாடை.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் கேட்டிருந்தாயே, "இவர் குடிக்கிறது அதிகமா இல்லையான்னு எப்படிடி தெரிஞ்சுக்கிறது?" என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. என் தம்பி விஷயத்தில் நான் செய்த தப்பை நீ செய்துவிடக் கூடாது.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், அவன் அறையிலிருந்த டின், பாட்டில் எல்லாவற்றையும் சிங்கில் கொட்டினேன். வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் காலை தேத்தண்ணி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் தளும்பி லுங்கியெல்லாம் கொட்டியது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிட்டுவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

வருஷக்கணக்கில் தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் இப்படி வலிப்பு வரலாமாம். உயிரே போகலாமாம். டாக்டர் மேற்பார்வையில், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டுமாம்.

பிறகு புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண். "குடிக்கிறீங்களா?" என்று அவள் கேட்கவே இல்லை. "நேத்துக் காலையிலேர்ந்து சொல்லுங்கண்ணே, முதல் டின் எத்தனை மணிக்கு?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு, படிக்கட்டுல" என்றான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது. பத்து வருஷமாக "குடிக்காதடா" என்று திட்டியிருக்கிறேனே தவிர, எவ்வளவு, எப்போது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகள் இருக்கின்றன. எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு வேளைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, குடித்தது யாருக்காவது காயத்தில் முடிந்ததா என்றெல்லாம். மொத்தம் 40 புள்ளி. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். இவனுக்கு 27. "மூணு டின்தான்க்கா" என்பான். 500 மில்லி, 8 சதவீதம் உள்ள ஸ்ட்ராங் பீர் ஒரு டின்னில் 30 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. இங்கே 10 கிராமைத்தான் ஓர் அளவு என்று கணக்கிடுகிறார்கள். அப்படியென்றால் மூன்று டின் ஒன்பது அளவைத் தாண்டிவிடுகிறது!

2015-இல் ராத்திரி பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூட்டாளிகளோடு உட்காருவதை விட்டுவிட்டான். சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அறைக்குள் போய்த் தனியாகக் குடித்ததை நான்தான் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் திரும்பவும் தொட்டுவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஆலோசகர் பெண் கோபப்படவில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம், குடித்துவிட்டு வேனைத் தொடவே கூடாது, வைட்டமின் பி1 மாத்திரையை விடாதீங்க, தலைவலிக்குக் டாக்டரைக் கேட்காமல் பெனடால் (பாராசிட்டமால்) போடாதீங்க, ஒவ்வொரு டின்னையும் நோட்டில் எழுதுங்க என்றாள். குறைப்பதையும் டாக்டர் சொன்னபடிதான் செய்கிறான்.

உன் வீட்டுக்காரரிடம் காலையில், தெளிவாக இருக்கும்போது கேள். குரலை உயர்த்தாதே. காலையிலேயே தேவைப்படுகிறது, கை நடுங்குகிறது என்றால் பாட்டிலில் கை வைக்காதே, முதலில் டாக்டரிடம் கூட்டிப்போ. பயமாக இருந்தால் எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும் சரி.

தம்பியின் நோட்டு சமையலறை மேசைமேல்தான் கிடக்கிறது. நேற்றைய பக்கத்தில் 1 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 2 என்று அவனாகவே திருத்தியிருக்கிறான்.

அன்புடன்,
வசந்தா